நெறைஞ்சூட்டுக்காரர்

அவர் வாயிலிருந்து 'இல்லை' என்ற சொல் வந்து நான் கேட்டதே கிடையாது. நான்கு வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவள் சொல்கிறேன். பீடி தீர்ந்துபோனால் வெறும் கட்டை உதறிக் காட்டி, "நெறைஞ்சிருச்சுங்க" என்பார். கடைசி பஸ் போய்விட்டதா என்று கேட்டால், "காத்தால ஆறு மணிக்கு வருதுங்க" என்பார். வெளியூர்க்காரர் ஒருவர் பழைய பழக்கத்தில், "அம்மா இருக்காங்களா?" என்று விசாரித்தபோது, செத்து எட்டு வருஷமான அம்மாவைப் பற்றி, "மேல இருக்குறாங்க" என்றார். வந்தவர் மாடிப்படி எங்கே என்று சுற்றிலும் பார்த்தார். ஓட்டு வீட்டுக்கு ஏது மாடி?

உப்போ அரிசியோ மஞ்சளோ தீர்ந்துவிட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது, நிறைந்திருக்கிறது என்றுதான் சொல்லவேண்டும் என்பது எங்கள் கும்பகோணம் பக்கத்திலும் உள்ள வழக்கம்தான். இல்லை இல்லை என்று சொல்கிற வீட்டில் இல்லாமை வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பாள் என் அம்மா. ஆனால் அவளுக்கு அது சமையலறையோடு சரி. இந்த மனிதர் அதைச் சமையலறையிலிருந்து காட்டுக்கும் கிணற்றுக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் நெறைஞ்சூட்டுக்காரர், அதாவது நிறைந்த வீட்டுக்காரர். என் வகுப்பில் ஒரு பயலை, "வீட்டுக்கணக்கு எங்கேடா?" என்று அதட்டினேன். எழுந்து நின்று, "நெறைஞ்சிருக்குதுங்க டீச்சர்" என்றான். ஓங்கிய கையை அப்படியே வைத்துக்கொண்டு சிரித்துவிட்டேன்.

எழுபதுகள் முடிகிற சமயத்தில் எனக்கு வேலை கிடைத்த ஊர், இராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகிற வழியில் உள்ளே தள்ளி இருந்தது. காவிரி வாய்க்காலில் கால் நனைத்து வளர்ந்தவளுக்கு அந்தச் செம்மண்ணும் கரடும் பார்த்தவுடன் நாக்கு வறண்டது. பள்ளிக்கூடத்துக்கும் அவர் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலிதான். ஜூன் மாதம் பிள்ளைகளைச் சேர்க்க வீடு வீடாகப் போனபோது முதலில் அவர் வீட்டுக்குத்தான் போனேன்.

"உங்களுக்கு எத்தனை பசங்க?" என்று கேட்டேன்.

"ஊடு நெறைஞ்சிருக்குதுங்க" என்றார்.

வாசலில் ஒரு குழந்தையும் கண்ணில் படவில்லை. எல்லாவற்றையும் மாடு மேய்க்க அனுப்பிவிட்டார் என்று முடிவு கட்டிக்கொண்டேன். புது வேலை, புது வேகம். குழந்தைகளைப் படிக்க அனுப்பாத பெற்றோர் எவ்வளவு பெரிய பாவிகள் என்று ஐந்து நிமிஷம் நிறுத்தாமல் பேசினேன். அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையை ஆட்டினார். முடிவில், "அனுப்பீரலாமுங்க" என்றும் சொன்னார்.

மாட்டுக் கொட்டாயிலிருந்து அவர் மனைவி சாணிக் கையோடு வந்தார். "பொறந்தாத்தானுங்களே டீச்சர் அனுப்பறதுக்கு?" என்றார். "கண்ணாலமாயி இருவது வருசமாச்சு. இவிய பேச்சக் கேட்டு நீங்க நோட்டுல ஏதாச்சும் எழுதீராதீங்க."

அன்று நான் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். அந்த அம்மாளைப் பற்றியும் அன்றே ஒன்று புரிந்தது. அந்த வீட்டுக்கு வேண்டிய 'இல்லை' அத்தனையையும் அவர் ஒருத்தரே சொல்லியாக வேண்டியிருந்தது. பால் கேட்டு வருபவரிடம், ஏர் கேட்டு வருபவரிடம், கைமாத்தாக விதைக்கடலை கேட்டு வருபவரிடம் எல்லாம் அவர்தான் சொல்ல வேண்டும். ஊரில் அவருக்கு வாய்த்துடுக்குக்காரி என்று பெயர். புருஷனுக்கு நல்ல பெயர். நியாயமா இது?

பள்ளிக்குப் பின்னால் நெருஞ்சி மண்டிக் கிடந்த நிலத்தில் தோட்டம் போடச் சொல்லித் தலைமையாசிரியர் என் தலையில் கட்டியிருந்தார். தண்ணீருக்கு வழி? குடிக்கிற அடிபம்பே இருபது தரம் அடித்தால்தான் ஒரு குடம் கொடுக்கும். நான் வேலியோரம் நின்று முழித்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். மறுநாள் காலையில் மண்வெட்டியோடு வந்து கிளுவை வேலியில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்கு வெட்டித் திறந்தார். தன் கிணற்றிலிருந்து எங்கள் நிலம்வரை வாய்க்கால் இழுத்துவிட்டார். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவரால் மறுத்திருக்க முடியாது என்பது வேறு விஷயம்.

அப்புறம் தினமும் மணி அடிப்பதற்கு முன் தோட்டத்தில்தான் இருப்பார். வகுப்புக்கு ஒரு பாத்தி. கத்தரி, வெண்டை, தக்காளி, கீரை, வேலியோரம் முருங்கை, நடுவில் பந்தல் போட்டுக் கொடி அவரை. மடை மாற்றுவது யார் என்பதில் பிள்ளைகளுக்குள் அடிதடி நடக்கும். "சாமி, நீ இந்தப் பாத்தி, நீ அந்தப் பாத்தி, ஆளுக்கொண்ணு நெறைஞ்சிருக்குது" என்று பிரித்துவிடுவார். இந்த இடத்தில் அந்தச் சொல்லுக்கு நிஜமாகவே நிறைந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். எப்போது எந்த அர்த்தம் என்பது கேட்பவர் தலையெழுத்து. சனிக்கிழமைகளில் ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் களை வெட்ட வருவார்கள். அவர் மனைவியும் வருவார். வாய் ஓயாமல் திட்டிக்கொண்டே மற்றவர்களைவிட இரண்டு பாத்தி அதிகம் வெட்டிவிட்டுப் போவார்.

பள்ளிக்கூடங்களில் சத்துணவு வந்தபிறகு எங்கள் தோட்டத்துக்கு மவுசு கூடிவிட்டது. காய் பறித்துப் பிள்ளைகளே சமையல்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். காய் போட்ட அன்றைக்குச் சாம்பார், போடாத அன்றைக்கு மஞ்சள் தண்ணீர். பல பிள்ளைகளுக்கு அதுதான் அன்றைய முதல் சோறு. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டால், "வயிறு நெறைஞ்சிருக்குதுங்க" என்பார். பசியா, பசியில்லையா என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

பிறகு மழை ஏமாற்றியது. ஒரு வருஷம் ஏமாற்றினால் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்த வருஷமும் ஏமாற்றியது. சுற்றுவட்டாரத்துக் கிணறுகளில் தரை தெரிந்தது. நான் பயந்துகொண்டே வேலியோரம் நின்று, "கிணத்துல தண்ணி எப்படிங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"நெறைஞ்சிருக்குதுங்க" என்றார்.

என் புத்தியை எதால் அடிப்பது? உப்புக்குத் தெரியும், பீடிக்குத் தெரியும், பிள்ளைக்கும் பட்டுத் தெரிந்துகொண்டாயிற்று. கிணற்றுக்கும் அதே சொல்லைத்தான் சொல்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் தண்ணீர் தீர்ந்து யாரும் பார்த்ததில்லை. அதனால் அதற்கு மங்கலமாக ஒரு சொல் தேவைப்படவில்லை. நல்லதாகப் போயிற்று என்று இன்னும் இரண்டு பாத்தி கூடப் போட்டேன். அவர் அதற்கும் வாய்க்கால் இழுத்துக்கொடுத்தார்.

ஒரு நாள் மதியம் அவர் மனைவி வந்து என் கையைப் பிடித்துத் தரதரவென்று தங்கள் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். முக்கால் ஏக்கர் மஞ்சள். இலையெல்லாம் ஓரம் கருகிச் சுருண்டு கிடந்தது.

"பள்ளிக்கூடத்து அவரைக்கொடி பச்சுனு இருக்குதுங்க டீச்சர். இதையும் ஒருக்கா பாத்துக்குங்க" என்றார்.

"கிணறு நிறைஞ்சிருக்குன்னு சொன்னாரேம்மா!"

"நெறைஞ்சிருக்குதுன்னுதான் சொன்னாங்க. தண்ணி இருக்குதுன்னு சொன்னாங்களா?" கருகிய இலை ஒன்றைக் கிள்ளி என் கையில் வைத்தார். "மூணு நாளு ஊறுனா இருவது நிமிசம் மோட்டாரு ஓடுது. அதுலயும் பாதி உங்களுக்கு உடறாங்க. இந்த மஞ்சளும் போயிருச்சுன்னா காட்டுல ஒண்ணுமில்ல. என்ற தம்பி போர் போடற ரிக்கு லாரியில இருக்கறான். சமையலுக்கு ஆளு வேணும்னு கூப்புட்டுட்டே இருக்கறான். அம்பது வயசுல இவிய வடக்க போயி அடுப்பூதோணுமா, சொல்லுங்க?"

நான் அன்று மாலையே வாய்க்கால் வாயில் கல்லை வைத்து அடைத்தேன். மறுநாள் காலையில் கல் ஓரமாக இருந்தது, பாத்தி நனைந்திருந்தது. மறுபடி அடைத்தேன். மறுபடி நனைந்திருந்தது. நேரில் பிடித்துச் சண்டை போட்டேன். "பசங்க சாப்புடறதுங்க டீச்சர்" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான் இன்னும் பலமாகச் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை. அவரைக்கொடி காய்ப்புக்கு வந்திருந்தது.

அந்தப் புரட்டாசியில்தான் ஒரு வழி பிறந்தது போலிருந்தது. வற்றிய கிணறுகளை ஆழப்படுத்திக் கொடுக்கப் பட்டியல் எடுக்க ஓர் அதிகாரி ஊருக்கு வருகிறார் என்றார்கள். பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் கிணற்றுக்குள் இரண்டு ஆள் ஆழம் வெடி வைத்துத் தோண்டுவார்கள், ஊற்றுக் கண் திறக்கும், மஞ்சள் பிழைக்கும், அவர் ரிக்குக்குப் போக வேண்டாம். அவர் மனைவி கோயிலுக்கு வேண்டிக்கொண்டார். நானும் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

அதிகாரி பள்ளிக்கூடத்தில்தான் உட்காரப் போகிறார், தோட்டத்தையும் பார்ப்பார் என்று தலைமையாசிரியர் பரபரத்தார். அந்தப் பரபரப்பு எனக்கும் தொற்றிக்கொண்டது. வேலியோரம் போய் அவரிடம் சொன்னேன்: "வியாழக்கிழமை அதிகாரி வர்றாருங்க. அன்னிக்கு மட்டும் தோட்டம் பச்சையா இருந்தா நல்லா இருக்கும்."

"ஆகட்டுங்க" என்றார். என் வாயால் நானேதான் சொன்னேன்.

வியாழக்கிழமை வேப்பமரத்தடியில் மேஜை போட்டு அதிகாரி உட்கார்ந்தார். வடக்கே செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர், கெட்டவர் இல்லை, இன்னும் நான்கு ஊர் பாக்கி இருக்கிற அவசரம். விவசாயிகள் வரிசையாக வந்தார்கள். முந்தின நாள்தான் நாற்றுக்குத் தண்ணீர் கட்டிய ஒருவர், "ஒரு சொட்டு இல்லீங்கய்யா" என்று துண்டால் கண்ணைத் துடைத்தார். பெயர் ஏறியது. அவர் கிணற்றை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அடுத்து இவர் முறை.

"கிணறு எப்படிப் பெரியவரே?"

"நெறைஞ்சிருக்குதுங்க."

அதிகாரி அடுத்த ஆளைப் பார்த்தார். நான் ஓடிப்போய் மேஜைக்கு முன்னால் நின்றேன். "சார், அவர் நிறைஞ்சிருக்குன்னு சொன்னா இல்லைன்னு அர்த்தம்."

"நானும் தமிழ்தாம்மா" என்று சிரித்தார் அதிகாரி. ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரிடம் திரும்பினார். "சரி. தண்ணி இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க. எழுதிக்கிறேன்."

கூட்டம் முழுக்க அவர் வாயைப் பார்த்தது. அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். "சொல்லீருங்களேன்" என்று ஈனக் குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. அவர் வாயைத் திறந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. ஏதோ நாங்கள் எல்லாரும் சேர்ந்து அவரை அம்மணமாக நிற்கச் சொன்னது மாதிரி என்னைப் பார்த்தார். சொல் வரவில்லை. நான் அவருக்குப் பதிலாகச் செத்துவிடலாம் போலிருந்தது.

"வந்து எட்டிப் பாருங்க சார். கிணறு பக்கத்துலதான்" என்றேன்.

நல்ல மனிதர், எழுந்து வந்தார். வேலி இடுக்கு வழியாக எல்லாரும் கிணற்றுக்குப் போனோம். எட்டிப் பார்த்தேன். உள்ளே ஓர் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. அவர் மனைவி மெதுவாகச் சொன்னார்: "திங்கக்கெழமை இருந்து மோட்டாரே போடலீங்க. காத்தால பாத்திக்கு மட்டும் குடத்துல ஊத்துனாங்க. அதிகாரி போறவரைக்கும் தோட்டம் வாடக்கூடாதுன்னு நீங்க சொன்னீங்களாம். அதுக்குச் சேத்து வெச்சிருக்கறாங்க."

"தண்ணி இருக்கே!" என்றார் அதிகாரி.

"இருபது நிமிஷம் மோட்டார் போட்டா காலி ஆயிடும் சார். போட்டுக் காட்டச் சொல்றேன்."

கரண்ட் சாயங்காலம்தான் வரும் என்றார்கள். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இருபது நிமிஷம் ஓடுதுன்னா வத்தலைன்னுதானே எழுத முடியும்? வத்தினதுக்குத்தாம்மா பட்டியல்" என்றார். போகிற வழியில் தோட்டத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பஞ்சத்திலும் இப்படி வைத்திருக்கிறீர்களே என்று என்னை மெச்சினார். அந்த மெச்சலை இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

அவர் மனைவி என்னை ஏதாவது சொல்லித் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

ஐப்பசியும் வெறும் மேகம் காட்டிவிட்டுப் போனது. மஞ்சளை மாட்டுக்குக்கூடப் போட முடியாமல் அப்படியே உழுதுவிட்டார்கள். ஒரு காலையில் ரிக் லாரி பள்ளிக்கூடத்துக்கு எதிரில் வந்து நின்றது. தகரப் பெட்டியோடு ஏறப்போனவரைப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள்.

"எங்கீங்க போறீங்க?"

"வடக்க சாமி. போர் போடறதுக்கு."

"அங்க தண்ணி வருங்களா?"

"பீச்சி அடிக்குமாம். வாரேன் சாமி, வாரேன்" என்று ஒவ்வொரு தலையாகத் தொட்டுவிட்டு ஏறினார். தன் கிணற்றில் இரண்டு ஆள் ஆழம் இறங்க வழியில்லாதவர், எந்த ஊர்க்காரர்களுக்கோ முந்நூறு அடி இறக்குகிறவர்களுக்குச் சோறாக்கப் போனார். நான் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன செய்ய முடியும் என்னால்? கையை ஆட்டினேன்.

இருபது நாளில் கிணறு தரை தட்டியது. எருமையை அந்த அம்மாள் விற்றுவிட்டார். தோட்டத்தில் நெருஞ்சி திரும்பவும் தலைகாட்டியது. அவரைக் கொடி பந்தலிலேயே கயிறுபோலக் காய்ந்து தொங்கியது. சாம்பார் மஞ்சள் தண்ணீராகிவிட்டது.

கார்த்திகையில் ஓர் இன்லண்ட் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் மனைவி மதிய மணி அடித்ததும் வந்தார். படிக்கத் தெரியாது. லாரியில் யாரோ எழுதிக் கொடுத்த கோணல் எழுத்து. சப்பாத்தி சுடப் பழகிவிட்டதாகவும் குளிர் அதிகம் என்றும் இரண்டு வரி. மீதி முழுக்கத் தோட்டம்தான். 'பள்ளிக்கூடத்து அவரைக்குத் தண்ணி உடுறயா? ஒருநாள் விட்டு ஒருநாள் உட்டாப் போதும். பூ எடுக்கற சமயம். டீச்சர் ஒத்தையில என்ன பண்ணுவாங்க, நீ போயிப் பாத்துக்கோ.'

அந்த அம்மாள் கடிதத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு, "பதில் எழுதோணுங்க டீச்சர்" என்றார்.

"என்னன்னு எழுதட்டும்?"

"மழை பேஞ்சுதுன்னு எழுதுங்க. கெணத்துல தண்ணி இருக்குது, தோட்டத்துக்கு உடறோம்னு எழுதுங்க. இல்லாட்டி அங்க சோறு எறங்காது அவியளுக்கு."

ஊரையே முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவர் சொல்கிறார். நான் எழுதினேன். 'மழை பெய்தது. கிணறு நிறைந்திருக்கிறது' என்று எழுதிவிட்டு உரக்கப் படித்தேன்.

"ஐயோ, அத அடிச்சிருங்க டீச்சர்!" என்று பதறினார். "வத்திப்போச்சுன்னு நெனச்சுக்குவாங்க."

அடித்தேன். தண்ணீர் நிஜமாகவே இருக்கிறது என்று அந்த மனிதருக்கு எப்படிச் சொல்வது? இருவரும் யோசித்தோம். கடைசியில் அந்த அம்மாளே சொன்னார்: "மோட்டாரு நாலு மணி நேரம் ஓடுதுன்னு எழுதுங்க. அதுக்கு வேற அர்த்தம் கெடையாது." எழுதினேன். மடிப்பதற்கு முன் மிச்சமிருந்த இடத்தில் நானாகவே ஒரு வரி சேர்த்தேன். 'அவரை பூ எடுத்திருக்கிறது. பிள்ளைகள் உங்களைக் கேட்கிறார்கள். டீச்சர்.'

மார்கழி முதல் வாரம் பதில் வந்தது. எழுத்தே சந்தோஷமாக இருந்தது. பொங்கலுக்கு வண்டி ஊருக்கு வருகிறது, பந்தலுக்கு நல்ல கயிறு வாங்கியிருக்கிறேன், கொம்புகளை மட்டும் பசங்களை வெட்டி வைக்கச் சொல்லுங்கள், வந்து இறங்கியதும் நேராகத் தோட்டத்துக்குத்தான் வருவேன் என்று எழுதியிருந்தார்.

"இப்ப என்ன பண்றதுங்க டீச்சர்?" என்றார் அவர் மனைவி.

சொந்த ஜில்லாவுக்கு மாற்றல் கேட்டு நான் எழுதிப் போட்டு இரண்டு வருஷமாகியிருந்தது. அந்த ஆணை அதே மார்கழியில் வந்தது. தலைமையாசிரியர் படித்துவிட்டு, "சந்தோசங்க டீச்சர். பொங்கல் கழிச்சுப் போனா ஆகாதுங்களா? அவரும் வாராரு, ஒருக்கா பாத்துட்டுப் போலாமே" என்றார்.

"இல்லைங்க சார், உடனே வந்து சேரணும்னு போட்டிருக்காங்க" என்றேன்.

ஆணையில் அப்படி ஒரு வரியும் கிடையாது.